பாலக்காடு எல்லையில் கூட்டாக நிலம் வாங்க எல்எல்பி: ஒரு மதிப்புரை

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் நாலு பேர் சேர்ந்து தோப்பு வாங்கப் போகிறோம் என்று ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் முதலில் கைகாட்டப்படுவது எல்எல்பிதான் (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை). நல்ல அமைப்புதான். ஆனால் பாதிப் பேருக்கு அது தேவையில்லை, கால்வாசிப் பேருக்கு நஷ்டம். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூன்று, நாலு பேர் இரு மாநிலத்திலும் வாங்கி, ஏழெட்டு வருஷம் வைத்திருந்து விற்கப் போகிறார்கள் என்றால் 5-க்கு 4. ஒரே குடும்பம் விவசாய பூமி வாங்குகிறது என்றால் 5-க்கு 2. வாங்கி ஆறு மாதத்தில் கைமாற்றிவிடும் யோசனை என்றால் 5-க்கு 1.

எல்எல்பி 2008-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் வருவது. எல்லையோரத்துக்காரர்களுக்கு அதுவே பெரிய வசதி. கோயம்புத்தூரில் பதிவு அலுவலகம் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சியில் ஒரு தோப்பும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் ஒரு புரயிடமும் (மேட்டு பூமியும்) ஒரே பான் எண்ணில் வைத்துக்கொள்ளலாம். கிரயம் எல்எல்பி பேரிலேயே ஆகும். பழைய பார்ட்னர்ஷிப்பில் இது இல்லை. 1932-ம் ஆண்டுச் சட்டப்படி ஃபர்ம் என்பது பங்குதாரர்களிடமிருந்து வேறான சட்ட நபர் கிடையாது. சொத்து பங்குதாரர்கள் பேரில்தான் நிற்கும், கடன் வந்தால் அவரவர் சொந்த வீடு வரைக்கும் பொறுப்பு போகும். ஃபர்மைப் பதிவு செய்யாமல் விட்டால், ஒப்பந்தத்தை மீறிய வெளியாள் மீது வழக்குப் போடவும் வழியில்லை. நிலத்துக்காகப் புதிதாக ஃபர்ம் தொடங்க இன்று ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

எல்எல்பி தன் விலைக்கு வேலை செய்யும் இடம் எது என்றால், கூட்டாளி ஒருவர் இறந்துபோகும்போது. நாலு பேர் பேரில் நேரடியாகக் கூட்டுக் கிரயம் செய்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் இறக்கிறார், பத்து வயதுப் பையன் வாரிசு. அந்த மைனர் பாகத்தை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். மற்ற மூவரும் நல்ல விலை வந்தும் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இறப்பு இல்லாவிட்டாலும் கூட்டாளியில் யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஒருவருடைய சொந்தக் கடனுக்கு அவர் பாகம் ஜப்தியாகலாம். எல்எல்பியில் வாரிசுக்குப் போவது பணத்தின் மேல் உள்ள உரிமைதான். நிலம் எல்எல்பியிடமே நிற்கும், விற்பனை நடக்கும், பையனுடைய பங்கு அவன் கணக்கில் போய்ச் சேரும்.

தொடங்கும் முறை சுலபம், ஆனால் சின்னச் சின்ன இடத்தில் மாட்டும். குறைந்தது இரண்டு நியமிக்கப்பட்ட பங்குதாரர்கள் (சட்டப்படியான வேலைகளுக்குப் பொறுப்பேற்பவர்கள்) வேண்டும். அதில் ஒருவராவது நிதியாண்டில் 120 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பெயருக்கு 200 ரூபாய் கட்டி முன்பதிவு செய்யலாம். அடுத்தது எல்எல்பியைப் பதிவு செய்வதற்கான ஃபில்லிப் என்ற படிவம். பங்களிப்பு (பங்குதாரர்கள் போடும் முதல்) 1 லட்சம் வரை என்றால் அரசுக் கட்டணம் 500 ரூபாய், 5 லட்சம் வரை என்றால் 2,000. மனு எந்த ஊரிலிருந்து போனாலும் பரிசீலனை ஹரியானா மானேசரில் உள்ள மையப் பதிவு அலுவலகத்தில்தான். பின்னால் வரும் எல்லா வேலைக்கும் பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியின் ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்): கேரளத்தில் என்றால் எர்ணாகுளம், கொங்குப் பக்கம் என்றால் கோயம்புத்தூர். பான், டான் (டிடிஎஸ் பிடித்துக் கட்டுவதற்கான எண்) இரண்டும் பதிவோடு சேர்ந்தே வந்துவிடும். தாள்கள் ஒழுங்காக இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் முடிகிற காரியம்.

ஒழுங்காக இல்லாமல் போவது பெரும்பாலும் இனிஷியலால். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பேரோடு எழுதியிருக்கும். ஆதாரில் வெறும் 'எம்' மட்டும் இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து ஆதாரை வைத்து எடுத்திருப்பார்கள். இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் படிவம் திரும்பி வரும். தமிழ்ப் பெயர்களுக்கென்றே இருக்கிற வில்லங்கம் இது. டிஜிட்டல் கையெழுத்து எடுக்கும் முன்பே பானில் உள்ள எழுத்துக்கூட்டலை அச்சுப் பிசகாமல் ஆதாரில் ஏற்றிவிடுங்கள். அடுத்தது அலுவலக முகவரி. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பில் யார் பேரில் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும். வீடு தாத்தா பேரிலேயே இருந்து, தாத்தா காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தால் அந்த முகவரியைத் தொடாதீர்கள்.

பதிவான 30 நாளுக்குள் பங்குதாரர் ஒப்பந்தத்தை மூன்றாம் படிவத்தில் ஏற்ற வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். இணையத்தில் கிடைத்த நாலு பக்க மாதிரியில் பேரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒப்பந்தம் சொல்லாமல் விட்ட விஷயத்தில் சட்டத்தின் முதல் அட்டவணை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்படி முதலும் லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் சம பங்கு. 20 லட்சம் போட்டவருக்கும் 5 லட்சம் போட்டவருக்கும் ஒரே அளவு! பங்கு விகிதத்தை எண்ணால் எழுதுங்கள். சார் பதிவாளர் முன்னால் யார் கையெழுத்திடுவது, எத்தனை பேர் சம்மதித்தால் விற்கலாம் (எங்கள் யோசனை: தலைக்கணக்கு வேண்டாம், போட்ட பணத்தில் முக்கால் பங்கு), போர் போடவும் வேலி கட்டவும் பின்னால் பணம் கேட்டால் தராதவருடைய பங்கு எப்படிக் குறையும், நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை வைப்பது எப்படி, இவையெல்லாம் வேண்டும். அந்தக் கடைசி விஷயத்தில் 'பரஸ்பர சம்மதத்தின்படி' என்று மட்டும் எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். கேரள நியாய விலையின் (அரசு வைத்த வழிகாட்டி விலை) எத்தனை மடங்கு, அல்லது பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் இருவர் தரும் தொகையின் சராசரி என்று அளந்து எழுதுங்கள்.

இனி வரி. எந்த அமைப்பு என்பதைத் தீர்மானிக்க வேண்டியதே இங்கேதான். நிலத்தை எப்படி விற்கப் போகிறோம் என்று தெரியாமல் அமைப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

40 லட்சத்துக்கு வாங்கியதை மூன்று வருஷம் கழித்து 70 லட்சத்துக்கு விற்கிறோம், விவசாய பூமி விலக்கு கிடைக்காத இடம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் லாபம் 30 லட்சம். தனிநபர்கள் பேரில் இருந்தால் 24 மாதம் தாண்டியதால் நீண்டகால மூலதன ஆதாயம்: 12.5 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக 3.9 லட்சம். எல்எல்பி பேரில் முதலீடாக இருந்தாலும் அதே 3.9 லட்சம்தான். ஆனால் அந்த நிலம் எல்எல்பியின் வியாபாரச் சரக்கு என்று ஆகிவிட்டால் லாபம் முழுக்க வியாபார வருமானம். 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 9.36 லட்சம். ஒரே நிலம், ஒரே விலை, ஐந்தரை லட்ச ரூபாய் வித்தியாசம்.

இது எங்கே தீர்மானமாகிறது என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் தொழில் நோக்கம் என்ற இடத்தில் 'நிலம் வாங்குதல், விற்றல், மனை பிரித்தல்' என்று எழுதி, ஆண்டுக் கணக்கில் நிலத்தைக் கையிருப்புச் சரக்கு என்ற வரியில் காட்டினால், பின்னால் 'இது முதலீடு' என்று வாதாடுவது கஷ்டம். வைத்திருக்கும் எண்ணம் என்றால் நோக்கத்தில் நிலத்தை முதலீடாக வைத்திருந்து விவசாயம் செய்வது, வாடகைக்கு விடுவது என்று எழுதுங்கள். முதல் வருஷக் கணக்கிலிருந்தே நீண்டகால முதலீடு என்ற தலைப்பில் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நிலம் வாங்கி விற்றுக்கொண்டு காகிதத்தில் மட்டும் முதலீடு என்று எழுதினால் அது நிற்காது. நடத்தையும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

விவசாய பூமியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருக்கும் கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே அல்ல. விற்றால் ஆதாய வரி கிடையாது. நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும், ரோட்டு வழியாக அல்ல. சித்தூர்-தத்தமங்கலமும் பொள்ளாச்சியும் 2 கிலோமீட்டர் கணக்கில் வரும், பாலக்காடு 6, கோயம்புத்தூர் 8. ஆகவே எல்லையோரத் தோப்புகளில் நிறைய இடம் வரியே இல்லாமல் விற்கக்கூடியது. இதைச் சரக்காகக் காட்டும் எல்எல்பி அந்தச் சலுகையைத் தானே தூக்கி எறிகிறது. ஒரே குடும்பத்துக்கு 5-க்கு 2 கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணன் தம்பி இருவர் விவசாய பூமி வாங்குவதற்கு நேரடிக் கூட்டுக் கிரயமும், ஆளுக்கொரு பதிவு செய்த உயிலும் போதும்.

தனிநபருக்கு மட்டும் உள்ள சலுகைகள் வேறும் உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்துக்கு, விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதமா, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டும் வாய்ப்பு இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். நிலத்தை விற்று வீடு கட்டி வரியை மிச்சப்படுத்துவதும் அவர்களுக்குத்தான். எல்எல்பிக்கு மிஞ்சுவது ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை அரசு நிறுவனப் பத்திரங்களில் ஐந்து வருஷம் போட்டு வைப்பது மட்டும். 24 மாதத்துக்குள் விற்றால் தனிநபருக்கு அவர் வருமான அடுக்குப்படி வரி. எல்எல்பிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். அந்த 5-க்கு 1 இதனால்தான்.

'முதலில் உங்க பேர்ல வாங்கிடுங்க, அப்புறம் எல்எல்பிக்கு மாத்திக்கலாம்' என்ற பேச்சை நம்பாதீர்கள். எல்எல்பி சட்டப்படி உங்களிடமிருந்து வேறான நபர். ஆகவே மாற்றுவது இன்னொரு கைமாற்றம். மறுபடி பத்திரம், மறுபடி முத்திரைக் கட்டணம். கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2, மொத்தம் 10 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம் சேர்த்து 9. 40 லட்சத்துக்குப் பாலக்காட்டுப் பக்கம் 4 லட்சம் இரண்டாம் தடவை போகும். அதுபோக, பங்களிப்பாக நிலத்தை உள்ளே கொண்டுவருபவருக்கு மூலதன ஆதாய வரியும் வரலாம். விலகும் பங்குதாரருக்குப் பணத்துக்குப் பதில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால், 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எல்எல்பிக்கும் வரி உண்டு. உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் பணம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள். பதிவு முடியும் முன்பே நல்ல இடம் கிடைத்துவிட்டால், அச்சார ஒப்பந்தத்தில் 'வாங்குபவர் அல்லது அவர் குறிப்பிடும் நபர் அல்லது நிறுவனத்தின் பேரில் கிரயம் செய்து தர வேண்டும்' என்ற வாசகத்தைச் சேர்த்து, கிரயத்தை எல்எல்பி பேரில் எடுங்கள். அச்சாரத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்றவருக்கு அந்தத் தொகை முழுவதும் அபராதம்.

பிரைவேட் லிமிடெட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைந்த விகிதத்தைத் தேர்ந்தால் வியாபார லாபத்துக்கு வரி 25.17 சதவீதம்தான், எல்எல்பியைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பணத்தை டிவிடெண்டாக வீட்டுக்குக் கொண்டுவரும்போது மறுபடி வரி. எல்எல்பியில் லாபப் பங்குக்கு இரண்டாம் வரி இல்லை. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம். ஆண்டுப் படிவம் ஒவ்வொன்றுக்கும் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய். லாபத்தை எடுக்காமல் அடுத்தடுத்த லேஅவுட்டில் போட்டுக்கொண்டே போகிற புரோமோட்டருக்குத்தான் கம்பெனி.

இந்துக் கூட்டுக் குடும்பக் கணக்கு தமிழ்நாட்டுப் பக்கம் சகஜம். எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளம் 1975-ல் சட்டம் போட்டு, 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்தது. அதன் சில பிரிவுகள் 2005-ம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தத்தோடு முரண்படுவதாக 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு குழப்பம் கூடியிருக்கிறது. பாலக்காட்டு நிலத்தைக் கூட்டுக் குடும்பப் பானில் வாங்க வேண்டாம்.

எந்த அமைப்பில் வாங்கினாலும் காப்பாற்ற முடியாத தவறு ஒன்று உண்டு. கேரள ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நம்முடைய நிலம் அல்ல. நஞ்சை, நெல்வயல் என்று பொருள். மேட்டு பூமிக்கு அங்கே 'புரயிடம்' என்று பெயர். பொள்ளாச்சியிலிருந்து போகிறவர்கள் 'நிலம்தானே' என்று தலையாட்டி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கரம் (நில வரி) கட்டிய ரசீதில் அந்த வார்த்தையைக் கண்ணால் பாருங்கள். வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) டேட்டா பேங்க் என்ற நெல்வயல் பட்டியலில் சர்வே எண் இருக்கிறதா என்று கேளுங்கள். 2008-ம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை மேடாக்குவது சுலபமில்லை. பட்டியலில் தவறாக ஏறியிருந்தால் நீக்கக் கேட்டு ஐந்தாம் படிவம், பட்டியலில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால் பரப்புக்கு ஏற்ப ஆறாம் அல்லது ஏழாம் படிவம் போட வேண்டும். தென்னை நிற்கிறதே என்று கண்ணை நம்ப வேண்டாம். பதிவேடு சொல்வதுதான் கணக்கு. கிரயம் முடிந்ததும் போக்குவரவு (நம் பட்டா மாறுதல் போன்றது) செய்து, தண்டப்பேர் (நில வரிக் கணக்கு) எல்எல்பி பேரில் விழுந்து, அந்தப் பேரிலேயே கரம் கட்டிய ரசீது கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை.

உச்சவரம்பும் அங்கே வேறு. 1963-ம் ஆண்டு கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி கல்யாணமாகாத ஒருவருக்கு 5 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு; விஸ்தீரணத்தில் ஆறிலிருந்து ஏழரை ஏக்கர்), ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 10 தர ஏக்கர் (12-லிருந்து 15 ஏக்கர்). நிறுவனத்துக்கும் அதே 10. ரப்பர், காப்பி, ஏலம் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு உண்டு; தோட்டத்தை வெட்டிப் பிரித்தால் விலக்கு போய்விடும். வரம்பைத் தாண்ட வேலையாள் பேரில் வாங்கி வைப்பது பினாமி: ஏழு வருஷம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம்.

துபாயில் இருக்கும் மச்சானைப் பங்குதாரராகச் சேர்க்கலாமா என்பது இந்தப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கக் கூடாது; நிலம் வாங்கி விற்கும் தொழிலிலோ விவசாயத்திலோ உள்ள எல்எல்பியில் பணம் போடவும் அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. பூர்வீகச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மச்சானை விட்டுவிடுங்கள், அல்லது அவர் ஊர் திரும்பும்வரை பொறுங்கள்.

ஊரில் முப்பது பேரிடம் ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கி 'லாபம் தருகிறோம்' என்று எல்எல்பி நடத்துவதைக் கேள்விப்பட்டால் ஒதுங்கிவிடுங்கள். பங்குதாரர் போடும் முதல் வேறு, வெளியாரிடம் வாங்கும் வைப்புத்தொகை வேறு. இரண்டாவதற்கு 2019-ல் தடைச் சட்டமே வந்திருக்கிறது. மனை பிரித்து விற்பதானால் 500 சதுர மீட்டரைத் தாண்டியதும், அதாவது பன்னிரண்டேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் நோட்டீஸ்கூட அடிக்கக் கூடாது. மீறினால் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம்.

ஆண்டுச் செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கையான பதினொன்றாம் படிவம் மே 30-க்குள், கணக்கு அறிக்கையான எட்டாம் படிவம் அக்டோபர் 30-க்குள். வருமானமே இல்லாத, முள்வேலி மட்டும் போட்ட காலி பூமியானாலும் இரண்டும் போட்டே ஆக வேண்டும். தாமதக் கட்டணம் நாள் ஆக ஆக ஏறும். பங்களிப்பு 25 லட்சத்தையோ விற்றுமுதல் 40 லட்சத்தையோ தாண்டினால் ஆடிட் கட்டாயம். அதனால்தான் பங்களிப்பை 1 லட்சத்தில் நிறுத்தி, மீதியைப் பங்குதாரர் கடனாகப் போடுவது வழக்கம். தப்பில்லை, ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி கொடுத்தால் கவனம்: பங்குதாரருக்குக் கொடுக்கும் வட்டியும் ஊதியமும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், 2025 ஏப்ரல் 1 முதல். வட்டி வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்ட கடனைப் பத்து வருஷம் கழித்து வாரிசு வந்து வட்டியோடு கேட்பார்.